85 பாகை காட்டிய குளிர் அறை

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 26 வயது, உப்புவெளியில் இருக்கிறேன். திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்து, மூன்று வருடமாகக் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஹோட்டல் முன்பதிவு இணையத்தளங்களுக்கு ஜாவாவில் எழுதுவதுதான் வேலை. போன மாதம் ஒரு துணிச்சலில் ஜேர்மனியின் பெரிய கார் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். முதல் பேச்சு முடிந்து, இப்போது இரண்டு மணி நேரத் தொழில்நுட்ப நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீட்டில் ஸ்கூட்டர் மட்டும்தான். சி மொழியைப் பல்கலைக்கழகத்தோடு விட்டுவிட்டேன். சொந்தமாகச் செய்தது என்றால், மாமாவின் மீன்வாடிக் குளிர் அறைக்கு ஒரு வெப்பநிலை எச்சரிக்கைக் கருவி. ஓர் இரவு மின்சாரம் போய் வந்ததும் அது '85 பாகை' என்று எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டது. மாமா சாரத்தோடு மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய்ப் பார்த்தால் மீன் உறைந்தபடி அப்படியே கிடக்கிறது. பிறகு முதல் வாசிப்பை விட்டுவிடும்படி திருத்தினேன். வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சுயவிபரக் கோவையில் அதைப் போடவில்லை. நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? பெரிய கார் கம்பனிக்குள் போனால் மூளை துருப்பிடித்துவிடும் என்று நண்பர்கள் சொல்வது உண்மையா? நேர்முக நாளில் பக்கத்துக் கோயிலில் திருவிழா வேறு. ஒலிபெருக்கியை என்ன செய்வது? — உப்புவெளி வாசகி

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் மிகவும் பெறுமதியான விடயத்தை வெட்கப்பட்டுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த 85 பாகையிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் பொருத்தியது டிஎஸ்18பி20 என்ற உணரியாகத்தான் இருக்க வேண்டும். மூன்று வயர், முனையில் உருக்குக் குழாய், விலையும் மலிவு. மின்சாரம் வந்தவுடன் அதன் நினைவகத்தில் இருக்கும் எண் 85. அது எதையும் அளந்து பெற்ற எண்ணல்ல; இனிமேல்தான் அளக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். முழு நுணுக்கத்தோடு ஒரு தடவை அளக்க அதற்கு முக்கால் செக்கன் வரை வேண்டும். உங்கள் நிரல் அதற்குள் அவசரப்பட்டு வாசித்துவிட்டது, மாமா ஓடினார்.

இனி என் கதை. ஐரோப்பாவில் ஒரு பெரிய கார் நிறுவனத்தில் பதினொரு வருடம் இருந்துவிட்டுத்தான் ஓர்ஸ்ஹில் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரண்டாவது வருடம், வெளி வெப்பநிலையை வாசித்து மற்றப் பெட்டிகளுக்கு (காருக்குள் இருக்கும் சின்னக் கணினிகளைப் பெட்டி என்போம்) அனுப்பும் ஒரு சின்ன நிரல் என் பொறுப்பில் இருந்தது. மறை எண் வராமலிருக்க வெப்பநிலையோடு 40ஐக் கூட்டி அனுப்புவது இந்தத் துறையில் பழைய வழக்கம். 40 என்று போனால் பூச்சியப் பாகை. 0 என்று போனால் −40. குளிர்காலச் சோதனைக்குக் கார்கள் சுவீடனின் வடக்கே ஆர்ஜெப்லோக் என்ற ஊருக்குப் போயிருந்தன. உறைந்த ஏரியின் மேல் காரை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ஐரோப்பிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் போய் நிற்கும் ஊர் அது. விடியற்காலையில் திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் பற்றரியை உறிஞ்சும், மின்னழுத்தம் விழும், என் பெட்டி ஒரு கணம் அணைந்து எழும்பும். எழும்பிய கையோடு, உணரியை வாசிக்கும் முன்னரே, வெறும் 0ஐ அனுப்பிவிட்டது. பலகையில் −40.

வெளியே உண்மையில் −28. அந்த ஊரில் −40ஐ யார் சந்தேகிப்பார்கள்? ஐந்து நாள் அதையே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த எண்ணை நம்பிய இன்னொரு பெட்டி, பாவம், ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டது. ஆறாம் நாள் பற்றரி இறங்கிப்போன காரைக் கட்டி இழுத்து வந்த பிறகுதான் இந்த நிரலை எழுதியவர் யார் என்று தேடினார்கள். அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம்: மீன் அறையில் 85 என்பது யார் பார்த்தாலும் பொய் என்று தெரிகிற பொய்.

இரண்டு பேரும் விட்டது ஒரே பிழை. தெரியாத நேரத்தில் தெரிந்தது போல ஓர் எண்ணைச் சொன்னோம். கார்களில் இதற்கென்றே ஒரு மதிப்பை ஒதுக்கி வைப்பார்கள். ஒரு பைட்டில் 255 வந்தால் 'என்னிடம் மதிப்பு இல்லை' என்று பொருள் கொள்ளும்படி இரு தரப்பும் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளும். என் பெட்டிக்கும் அந்த ஏற்பாடு இருந்தது. நான்தான் நிரலின் தொடக்கத்தில் அதைப் போட மறந்தேன்.

ஆகவே சுயவிபரக் கோவையை இன்றே திருத்துங்கள். ஹோட்டல் முன்பதிவு எழுதியவர்கள் அவர்களுக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். மின்சாரம் போய் வந்தால் உணரி என்ன சொல்லும் என்பதைப் பட்டுத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கதையைச் சொன்னால் எதிரே இருப்பவர் விடமாட்டார். நான் அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்திருக்கிறேன். நானாக இருந்தால் இப்படிக் கேட்பேன்: 'முதல் வாசிப்பை விட்டுவிட்டீர்கள், சரி. உங்கள் பெட்டி அணையாமல், உணரியின் வயர் மட்டும் ஆடி ஒரு கணம் மின்சாரம் அறுந்தால்?' அப்போது 85 நடுவழியில் வரும். உங்கள் திருத்தம் அதைப் பிடிக்காது. யோசியுங்கள். −18இல் இருக்கும் அறை ஒரு நிமிடத்தில் 85க்கு ஏறாது. இரண்டு வாசிப்புகளுக்கு இடையே எவ்வளவு மாறலாம் என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் 'அறை சூடு' என்ற செய்திக்குப் பதிலாக 'உணரியைப் பார்க்கவும்' என்ற செய்தி போக வேண்டும். அடுத்த கேள்வி: உங்கள் பெட்டியே செத்துவிட்டால் மாமாவுக்கு எப்படித் தெரியும்? செய்தி வராத இரவை நல்ல இரவு என்று அவர் நிம்மதியாகத் தூங்குவாரே. ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு 'நலம்' செய்தி அனுப்பச் செய்யுங்கள். அது வராத நாளில் போய்ப் பார்க்கட்டும். நேர்முகத்துக்கு முன் இந்த இரண்டையும் உண்மையாகவே செய்துவிடுங்கள். செய்ததைச் சொல்லும்போது குரல் வேறு மாதிரி இருக்கும்.

வேறு என்ன கேட்பார்கள்? கார் ஓட்டத் தெரியுமா என்று பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். என்னோடு வேலை செய்த மிகச் சிறந்த பிரேக் மென்பொருள்காரர் சைக்கிளில்தான் வேலைக்கு வருவார். ஆனால் 'கார் ஜன்னல் ஒன்றுக்கு மென்பொருள் வடிவமையுங்கள்' என்பது போன்ற ஒரு கேள்வி நிச்சயம் வரும். நான் அதை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்ற வேண்டும், மேலே போனதும் நிற்க வேண்டும் என்று மூன்று நிமிடத்தில் முடித்துவிடுபவர்கள் உண்டு. மற்றவர்கள் திருப்பிக் கேட்பார்கள். ஜன்னலில் பிள்ளையின் கை இருந்தால்? சாரதி இறக்கச் சொல்ல, பின்னால் இருப்பவர் ஏற்றச் சொன்னால் யார் சொல்வது நடக்க வேண்டும்? பாதி வழியில் மின்சாரம் போய் வந்தால் ஜன்னல் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? கைக்கு உண்மையிலேயே சட்டம் இருக்கிறது. தானாக ஏறும் ஜன்னல் 100 நியூட்டன், அதாவது ஏறக்குறைய பத்துக் கிலோ பாரத்தின் அழுத்தத்தை எட்டும் முன்பே திரும்பி இறங்க வேண்டும் என்று அமெரிக்க விதியும் ஐ.நா. விதியும் சொல்கின்றன. அழுத்தத்தை அளக்கத் தனி உணரி இல்லாத கார்களில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் அதன் வேகத்தையும் பார்த்து ஊகிப்பார்கள். பனி படிந்த ரப்பரும் மோட்டாரை இறுக்கும், கையும் இறுக்கும்; இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இதற்கு முழுமையான பதில் சொல்ல வேண்டாம். 'இந்த இடத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, சந்தேகமென்றால் ஜன்னலை இறக்கிவிடுவேன்' என்றால் போதும். நான் அப்படிச் சொன்னவர்களுக்குத்தான் அதிகப் புள்ளி போட்டேன்.

சி மொழியில் பழகவேண்டியது குறைவு, ஆனால் ஆழமாக வேண்டும். குறுக்கீடு என்றால் என்ன, 'வொலட்டைல்' என்ற சொல் எதற்கு, பிட்டுகளை நகர்த்துவதும் மறைப்பதும், கார் ஓடத் தொடங்கிய பிறகு, புதிதாக நினைவகம் கேட்டு வாங்கும் 'மால்லொக்'கைக் கூப்பிடுவதை ஏன் தடுக்கிறார்கள் என்பன. கடைசிக் கேள்விக்கு விடை எளிது: நெடுஞ்சாலையில் 120இல் போகும்போது நினைவகம் போதவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? சி நிரலைப் பாதுகாப்பாக எழுதுவதற்கான 'மிஸ்ரா சி' என்ற விதித் தொகுப்பு 1998இல் முதலில் வந்தது. பெயரும் நோக்கமும் தெரிந்தால் போதும், மனப்பாடம் செய்யாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 26262 என்ற பாதுகாப்புத் தரமும் அப்படியே. 2011இல் வந்து 2018இல் புதுப்பிக்கப்பட்டது. ஒரு பிழையால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுத்து ஏ முதல் டி வரை படி பிரிக்கிறது. வானொலி நின்றுபோவதும் பிரேக் நின்றுபோவதும் ஒன்றல்லவே.

கார்களின் உள்மொழியை வீட்டிலிருந்தே பழகலாம் என்பது பலருக்குத் தெரியாது. போஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'கேன்' என்ற இணைப்பில்தான் இன்றும் பெரும்பாலான பெட்டிகள் பேசிக்கொள்கின்றன. அதன் மூல வடிவத்தில் ஒரு செய்தியில் எட்டு பைட்டுக்கு மேல் போகாது. கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாகனம் ஒன்றாக நுழைய முடியாது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் எண் சிறியது போகும். பெரியது சத்தம் போடாமல் ஒதுங்கி நின்று மறுபடி முயலும். வெல்பவரின் செய்தியில் ஒரு பிட் கூடக் கெடாது. அந்த வாசலில் எங்கள் ஓட்டோக்காரர்கள் இதைப் பழகினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கான மென்பொருள் அதன் கருவோடு (கேர்னல்) சேர்ந்தே வருகிறது. கார் இல்லாமல், கம்பி இல்லாமல், மாய இணைப்பு ஒன்றை உருவாக்கிச் செய்தி அனுப்பிப் பார்க்கலாம். 2008இல் அதை லினக்ஸுக்கு இலவசமாகக் கொடுத்தது வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு.

பிறகு ஒரு மாலை, தெரிந்த கராஜ் ஒன்றுக்குப் போங்கள். ஸ்டியரிங்கின் கீழே, காரின் நிலையைக் கேட்டறிவதற்கென்று பதினாறு துளையுள்ள ஒரு வாய் இருக்கும். பழைய டொல்பின் வானில் தேடாதீர்கள். கொஞ்சம் புதிய வேகன் ஆர் என்றால் நல்லது. அதில் மலிவான புளூடூத் கருவியைச் செருகி '01 05' என்று அனுப்புங்கள். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை என்ன என்று கேட்கிறீர்கள். '41 05 78' என்று பதில் வந்தது என்று வையுங்கள். 41 என்பது கேள்விக்கான பதில் என்பதன் அடையாளம், 05 நீங்கள் கேட்ட விடயம், 78 பதினாறின் அடியில் எழுதிய எண். பதினாறு ஏழு 112, எட்டைக் கூட்டினால் 120. அதிலிருந்து 40ஐக் கழியுங்கள்: 80 பாகை. என்னைச் சுவீடனில் மாட்டிவிட்ட அதே 40தான். கராஜ்காரரின் கணினி என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அன்று இரவு தூக்கம் வராது, அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்து, மூளை துருப்பிடிக்கும் கதை. பாதி உண்மை. முதல் எட்டு மாதத்தில் நான் எழுதி உண்மையான காருக்குள் போனது நானூறு வரிகூட இருக்காது. மீதி நேரம் வாசித்தேன். காரின் ஒவ்வொரு நடத்தைக்கும் எண் போட்ட ஒரு தேவை இருக்கும். அந்தத் தேவைக்கு ஒரு சோதனை, சோதனைக்கு ஒரு பதிவு. ஒரு வரியை மாற்றினால் இந்தச் சங்கிலி முழுவதையும் தொட வேண்டும். இணையத்தில் காலையில் பிழை கண்டு மத்தியானம் திருத்திவிடுவீர்கள். இங்கே எல்லோருடைய நிரலையும் ஒன்றுசேர்க்கும் அடுத்த ஒருங்கிணைப்பு இரண்டு மாதம் கழித்து வரும் வரை காத்திருப்பீர்கள். இதைவிட என்னைக் கசக்கியது வேறொன்று: பல பெட்டிகளின் நிரலைக் கார் நிறுவனம் எழுதுவதே இல்லை. அந்தப் பெட்டியைச் செய்து கொடுக்கும் வழங்குநர் எழுதுகிறார், நிறுவனத்தின் பொறியியலாளர் தேவையை எழுதி, கூட்டத்தில் இருந்து, வந்ததைச் சோதித்து, மறுபடி கூட்டத்துக்குப் போகிறார். நிரல் எழுதும் ஆசையோடு போனவர்கள் மூன்றாம் வருடம் அட்டவணை நிரப்புபவர்களாக மாறியதைப் பார்த்திருக்கிறேன். அது துருதான்.

2012இல் டெஸ்லாவின் மாடல் எஸ் வந்து, விற்ற காரின் மென்பொருளைக் கம்பியில்லாமல் காற்று வழியே புதுப்பிக்கலாம் என்று காட்டிய பிறகு பெரிய நிறுவனங்களுக்கு ஒரு பதற்றம் பிடித்துக்கொண்டது. மென்பொருளைத் தாங்களே எழுதப் புறப்பட்டார்கள். வொக்ஸ்வாகன் 2020இல் தனி மென்பொருள் நிறுவனமே தொடங்கி, 2021இல் அதற்குக் காரியாட் என்று பெயர் வைத்தது. தாமதங்கள் குவிந்தன, சில மாடல்கள் தள்ளிப்போயின, 2024இல் அமெரிக்காவின் ரிவியனோடு கூட்டு நிறுவனம் அமைத்தார்கள். ஆகவே நேர்முகத்தின் முடிவில் 'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா' என்று கேட்கும்போது வெட்கப்பட்டு 'இல்லை' என்று சொல்லாதீர்கள். நான் எழுதுவது எந்தப் பெட்டியில் ஓடும், எந்த ஆண்டு தெருவுக்கு வரும்? நிரலை எழுதுவது நாமா, வழங்குநரா? என் மேசைக்குப் பக்கத்தில் சோதனை மேடை இருக்குமா, அதற்கு வரிசையில் நிற்க வேண்டுமா? கடந்த இரண்டு வருடத்தில் இந்தப் பிரிவின் பெயர் எத்தனை தடவை மாறியது? கடைசிக் கேள்விக்கு எதிரே இருப்பவர் சிரித்தால், அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள்.

இன்னொரு கேள்வியும் வேறு வேறு முகமூடியில் வரும்: மேலதிகாரியோடு ஒத்துப்போகாத ஒரு தருணத்தைச் சொல்லுங்கள் என்பார்கள். அதன் பின்னால் 2015 செப்டம்பர் இருக்கிறது. சோதனை மேடையில் ஓடுகிறோமா, தெருவில் ஓடுகிறோமா என்று கண்டுபிடித்து, மேடையில் மட்டும் புகையைச் சுத்தமாக்கிய வொக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் கார்கள் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரு கோடியே பத்து இலட்சம். நிறுவனமே ஒப்புக்கொண்ட கணக்கு இது. எங்கள் பிழையில் பெட்டிக்குத் தெரியவில்லை; அங்கே பெட்டிக்குத் தெரியும், தெரிந்தே பொய் சொல்லும்படி எழுதினார்கள். அந்த வேலையில் பங்கெடுத்த பொறியியலாளர் ஒருவருக்கு 2017இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. முதலில் உள்ளே போனவர் தலைவரல்ல, நிரலுக்குப் பக்கத்தில் இருந்தவர். உங்களுக்குப் பெரிய கதை எதுவும் தேவையில்லை. முன்பதிவுத் தளத்தில் 'இன்னும் ஒரே ஓர் அறைதான் மீதி' என்று பொய்யாகக் காட்டச் சொல்லி யாராவது கேட்டு, நீங்கள் மறுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். மறுக்காமல் எழுதியிருந்தால் அதையும் எனக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள், பேசலாம்.

வேலை கிடைத்தால் என்ற பேச்சுக்குச் சில வரிகள். உங்கள் பட்டத்தை ஜேர்மனி ஏற்கிறதா என்று 'அனபின்' என்ற அரசாங்கத் தரவுத்தளத்தில் இப்போதே பாருங்கள். விசாவில் பலர் தடுக்கி விழும் கல் அதுதான். பதில் தாமதமானால் பதறாதீர்கள். அங்கே புதிதாக ஒருவரை எடுப்பதற்குத் தொழிலாளர் மன்றத்தின் சம்மதம் சட்டப்படி வேண்டும், அதற்கு ஒரு வாரம் வரை போகும். முதல் ஆறு மாதம் பரீட்சார்த்த காலமாக இருக்கும். தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் வந்தால் மேற்கு ஜேர்மனியில் வாரத்துக்கு 35 மணி நேர வேலை. இதை அம்மாவிடம் சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள்.

நேரத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள். அவர்களின் காலை 9 மணி என்பது கோடையில் எங்களுக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. இந்த ஒரு மணி வித்தியாசத்தில் வேலையை இழந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ரவுட்டரைப் பற்றரியோடு இணைத்துவிடுங்கள். தொலைபேசியில் வேறு நிறுவனத்தின் டேட்டாவும் இருக்கட்டும்.

ஒலிபெருக்கி பற்றி: தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள், 'பக்கத்தில் கோயில் திருவிழா, இடையில் நாதஸ்வரம் கேட்கும்' என்று. நான் ஒருவரை நேர்முகம் செய்துகொண்டிருந்தபோது எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தேவாலய மணி பன்னிரண்டு அடித்து, அதன் பிறகும் நிற்காமல் சில நிமிடம் ஒலித்தது. நாங்கள் மூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். உங்கள் பக்கம் மேளம் தொடங்கினால் 'ஒரு நிமிடம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலை மூடுங்கள். மூடிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.